வாப்பா நகர்த்திய வேலி

பக்கத்து வளவு மரத்திலிருந்து எங்கள் பக்கம் விழுந்த கொய்யாப்பழத்தைக்கூட வாப்பா எங்களைத் தின்ன விட்டதில்லை. "ஹராம் வயித்துல ஈந்தா தொழுதும் பிரயோசனமில்ல" என்று பிடுங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். எங்கள் யட்டவத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் களவின் பாவத்தை ஓதிக் கொடுத்தவரும் அவர்தான். அதே மனிதர்தான், பக்கத்து வீட்டுக்காரர் சவூதியில் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், எல்லை வேலியைப் பிடுங்கி அவருடைய வளவுக்குள் தள்ளி நட்டார்.

அவர் திரும்பி வந்து கேட்டபோது வாப்பா, "வேலிக்குக் கால் மொளச்சி நடந்து வந்திச்சா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்கு நடக்க முடியாது. மாத்தளைக்குக் கிளினிக் போக, த்ரீவீல் வாசலுக்கு வந்தாக வேண்டும். வேலி தள்ளியதிலிருந்து பாதை குறுகிப்போய், அவளைக் கதிரையோடு றோட்டுவரை தூக்கிப்போனார்கள். நாங்கள் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல குடும்பம்!

போன வருடம் வாப்பா மவுத்தானார். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குமுன், வழக்கப்படி என் நானா, மூத்த சகோதரர், வாசலில் நின்று கூட்டத்தைக் கேட்டார்: "எங்கட வாப்பாவால யாருக்காச்சும் அநியாயம் நடந்தீந்தா, மன்னிச்சி ஹலாலாக்கிடுங்க."

உள்ளே பெண்களோடு இருந்த நான் சன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்தான் நின்றார். கேவலப்படுத்திவிடுவாரோ என்று பயந்தேன். படுத்தட்டுமே என்றும் இருந்தது.

"அந்த வேலி விசயத்த நான் ஹலாலாக்கிட்டேன். அல்லாஹ் அவர பொருந்திக்கொள்ளட்டும்" என்றார். உம்மா ஓவென்று அழுதார்.

இனி நானா வேலியைப் பழைய இடத்துக்கே எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்! கபுறு மண் காயுமுன் சீமெந்துக் கல் வந்து இறங்கியது. வேலி நின்ற இடத்தில் மதில் எழும்பியது.

"என்ன நானா இது? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?"

"அவரே ஊருக்கு முன்னால ஹலாலாக்கிட்டாரே. இனி அது எங்கட."

வெட்கத்தை விட்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "நீங்க வந்து நானாகிட்ட பேசுங்க" என்று கெஞ்சினேன். அவர் மனைவிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் மன்னிச்சது மவுத்தானவர, தங்கச்சி. அவர் கபுறுல கஷ்டப்படக் கூடாது. இப்ப அந்தக் காணிய வெச்சீக்கிறது நீங்க எல்லாரும். ஒங்கள மன்னிக்கச் செல்லி யாரும் எங்கிட்ட கேக்கல்லயே."

என் பங்கும் அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது. மன்னியுங்கள் என்று வாய்வரை வந்தது. மதிலை அப்படியே நிற்கவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.