பினாங்கு மிஷின் போட்ட சத்தங்கள்

ஃபேன், மோட்டார், ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவனுக்குப் பிழைப்பே காதில்தான். தலைவலியும் அதே காது வழியாகத்தான் வரும். ஊரார் வீட்டு மிஷினோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, இதெல்லாம் உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

அறுபதுகளில் புதுக்கோட்டையில் கடை வைத்திருந்தேன். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றுக்கு, பினாங்கில் இருந்த மகன் துணி காயவைக்கும் மிஷின் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவிட்டார். ஈரத்துணியைப் போட்டால் உள்ளே இருக்கும் உருளை படுவேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறிவிடும். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான். அதைப் பிரிக்கத் துணிந்த பாவியும் நான் ஒருவன்தான்.

மணை

மிஷின் தடதடவென்று குதிக்கிறது, சுவரில் போய் முட்டுகிறது என்று முதல் அழைப்பு. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், கடல் தாண்டி வந்த பொருளை வெறுந்தரையில் வைக்கலாமா என்று, கோலம் போட்டுக் கல்யாண மணைமேல் ஏற்றி வைத்திருக்கிறார் வீட்டு ஆச்சி. இறக்கித் தரையில் வைத்தேன். சத்தம் நின்றது.

அங்கே துணி துவைத்துப் பிழிகிற கருப்பாயி மட்டும் முகம் வாடி நின்றாள். மிஷின் ஒழுங்காக ஓடினால் தன்னை நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். மூன்று பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் சம்பாத்தியம். ஆச்சியின் வருத்தம் வேறு. "மணையில வச்சாக் குதிக்குது, தரையில வச்சா அடங்குது. மரியாதை தெரியாத மிஷினா இருக்கே, தம்பி!"

இரண்டு அடுப்பு

பத்தே நாளில் மறுபடியும் தடதட. இந்தத் தடவை மிஷின் தரையில்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரே ஒரு சேலை, ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. பாரம் ஒரு பக்கமே இருந்தால் குதிக்காமல் என்ன செய்யும்? நாலைந்து துணியைச் சுற்றிலும் பரப்பிப் போடுங்கள் என்றேன்.

இரண்டு மருமகள்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீடுகளில் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒரே கூரையின்கீழ் தனிச் சமையல், தனிச் சாமான். அதை மறந்துவிட்டுப் பேசிவிட்டேன். மூத்தவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். "அடுப்பே ரெண்டுங்க. துணிய மட்டும் எப்படி ஒண்ணாப் போடுறது?"

சுபாவம்

அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை மேலே மூடி வைத்த பித்தளைத் தாம்பாளம் அதிர்ந்த சத்தம். ஒரு தடவை சத்தமே வரவில்லை, பழுதாகிவிட்டதோ என்று பயந்து கூப்பிட்டார்கள்! எனக்கு வெறுத்துவிட்டது.

ஐப்பசி மழையில் அந்த வீட்டு டிரைவர் வந்து நின்றார். இரும்புப் பெட்டிச் சாவியைக் காணோமாம். கருப்பாயிமேல் சந்தேகப்பட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். இனி மிஷினை விட்டால் கதியில்லை, அதுவோ கரகரவென்று கத்துகிறதாம். "கத்தினால் கத்தட்டும், அது அதோட சுபாவம்னு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் ரேடியோ பார்த்துக்கொண்டிருந்த என் கூட்டாளி தலையைத் தூக்காமலே சொன்னார்: "பாக்காமலே ரிப்பேர் பண்ற அளவுக்கு வந்துட்டீங்கண்ணே!"

கரகர

ஒரு வாரம் கழித்து மிஷின் நின்றேவிட்டது. திட்டிக்கொண்டே போய் அடிப்பலகையைக் கழற்றினேன். உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே, தேய்ந்து பளபளத்துக்கொண்டு இரும்புப் பெட்டிச் சாவி. ஆச்சி முந்தியில் முடிந்து வைத்ததை அவிழ்க்க மறந்து, சேலையோடு மிஷினுக்குள் போட்டிருக்கிறார். ஆச்சி சாவியைக் கையில் வாங்கித் தன் முந்தியைப் பார்த்தார். காரை அனுப்பிக் கருப்பாயியைக் கூட்டிவரச் செய்தார்.

வந்தவள் ஆச்சி பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்தாள். ஊரெல்லாம் திருடி என்று பேர் வாங்கிய ஒரு வாரம் அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, சாமான்களைப் பைக்குள் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். டிரைவர் வழியிலேயே சொல்லியிருப்பார் போல, அவள் விடவில்லை. "மிஷினு ஒரு வாரமாக் கத்திச் சொல்லியிருக்குங்க. நீங்கதான் சுபாவம்னுட்டீங்க."

அன்றிலிருந்து எந்த வீட்டு மிஷின் முனகினாலும் முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன், பாதிக்கு மேல் தாம்பாளம்தான் என்று தெரிந்தே.