தகப்பன் வாகு

கல்யாணத்துக்கு முன்பே தெய்வாத்தாளுக்கு இடுப்பும் தொடையும் கனத்துவிட்டன. பனியன் கம்பெனியில் அவள் பீஸ் மடிக்க ஸ்டூலில் உட்கார்ந்தால் மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். தம்பி ரத்தினசாமி அங்கேயே கட்டிங் மாஸ்டர். கையும் காலும் குச்சி. நாற்பதை நெருங்குகையில் வயிறு மட்டும் முன்னால் வந்தது. வசதி வந்துவிட்டது என்றார்கள்.

அவர்களுடைய தகப்பனார் நாற்பத்திரண்டு வயதில் சிவன்மலைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அடுத்தது தான்தான் என்று தெய்வாத்தாள் முடிவு கட்டியிருந்தாள். சோற்றைக் குறைத்தாள், பிறகு பாதி நாள் பட்டினி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ஒருநாள் மடிப்பு மேசையிலேயே மயங்கிச் சாய்ந்தாள். ரத்தினசாமிதான் குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா முதலில் பட்டினிக்காகத் திட்டினார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சினார், நீலம் மாறவில்லை; சர்க்கரை இல்லை. தகப்பனார் எப்படி இருப்பார் என்று கேட்டார்.

“இவனாட்டத்தானுங்க,” என்று தம்பியைக் காட்டினாள். “கை காலு மெலிசு. வயிறு மட்டுந்தான்.”

அவனையும் சோதித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது; சர்க்கரை நிறைய. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

“அக்காதானுங்க குண்டு,” என்றான் ரத்தினசாமி.

“குண்டா ஒல்லியான்னு மட்டும் பார்த்தாப் பத்தாதுங்க. சதை எங்க சேருதுன்னு பார்க்கணும். இடுப்புல, தொடையில சேர்றது அவ்வளவு கெடுதலில்லை. வயித்துக்குள்ள சேர்றதுதான் சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. எங்க சேரும்கறதுல பெத்தவங்க பங்கும் இருக்கு.”

தெய்வாத்தாளுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. ஒல்லியாக இருக்கிறானே என்று அவன் இலையில் மறுபடி மறுபடி நெய் ஊற்றியவள் அவள்தான்.

“நானும் ஐயனாட்டப் போயிருவனாக்கா?” என்று திரும்பி வரும் வண்டியில் அவன் கேட்டான்.

“ஐயனுக்கு யாரும் சொல்லுல கண்ணு. உனக்குச் சொல்லிப்போட்டாங்கல்ல.”

மறுநாள் முதல் அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு அக்காவோடு நடந்தே கம்பெனிக்குப் போனான். டாக்டரம்மா கொடுத்த மாத்திரைக்கு முகம் சுளித்தான். சில வாரம் விழுங்காமல் ஏமாற்றினான். அவள் விடவில்லை. வயிறு மெல்ல வற்றியது. எழுபத்துமூன்றாம் வருஷம் நெஞ்சுவலி வரத்தான் செய்தது. ஆனால் அது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கத்தரியை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். மூன்றாம் வாரம் வீடு திரும்பினான். தெய்வாத்தாள் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். நெய் கேட்டான். அவள் கேட்காதது போல் இருந்துவிட்டாள்.