பூட்டி வைத்த 213

தம்பி செய்யும் வேலை என்னவென்று இரண்டு வருடம் கூடவே இருந்தும் அக்காவுக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் யார் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். "ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில வேண்டாம்னு தள்ளுற கம்ப்யூட்டரை வாங்கி, உள்ள இருக்கிறதை அழிச்சு, ரிப்பேர் பார்த்து, வாங்க வழியில்லாதவங்களுக்குச் சும்மா குடுக்கிறான் எந்தம்பி."

'சும்மா' என்னும்போது குரல் ஒரு படி ஏறும். 'அழிச்சு' என்னும்போது கொஞ்சம் இறங்கிவிடும். கரும்பலகையை அழிப்பது அவளுக்குத் தெரியும், பென்சில் எழுத்தை அழிப்பது தெரியும். தம்பியோ எதையோ செருகிவிட்டு, திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பான். கோடு கடைசிக்குப் போய்விட்டால் எல்லாம் அழிந்துவிட்டதாம். எது அழிந்தது, அழிந்தது எங்கே போனது என்று ஒருநாள் கேட்டாள். "எங்கயும் போகலக்கா, இல்லாமப் போச்சு" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அம்மா இறந்தபோது அவள் எட்டாவது, தம்பி ஒன்றாவது. அவன் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதால் இவள் நின்றுகொண்டாள். பிறகு இருபத்திரண்டு வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேசை. நூல் பிசிறு, தையல் விட்ட இடம், இடம் மாறிய பொத்தான் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனி மூடியதும் தம்பி, "வீட்ல உக்காந்து சுவரைப் பார்த்துட்டு இருக்காத, இங்க வா" என்று கூப்பிட்டான். ஒரு காலத்தில் சோபாக் கடையாக இருந்த நீளக் கூடம் அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாடிப்படிக்கு அடியில் ஒரு இருட்டுப் பொந்து. அந்தப் பொந்தில் கிடப்பவை இனி ஓடவே ஓடாது என்று தம்பி கைவிட்டவை. சனிக்கிழமை தோறும் அவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்து, யாரும் எதையும் படிக்க முடியாதபடி ட்ரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டுவிடுவான்.

வந்த முதல் வாரமே அக்கா ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டாள். எண், வந்த இடம், வந்த தேதி, என்ன குறை, போன இடம். கடைசிக் கட்டம் 'தவறு'. கம்பெனி நோட்டில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, யார் எதை விட்டார்கள் என்று எழுத. இங்கே அவள் ஒருத்திதான் எழுதுகிறாள், அதனால் அவள் தவறு மட்டுமே அதில் ஏறும். இரண்டு வருடத்தில் நான்கு முறை ஏறியிருந்தது.

வரும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சீட்டு ஒட்டுவாள். சட்டையும் பேண்ட்டும் சேர்ந்த செட் என்றால் சீட்டு ஒன்றுதான், அது சட்டைக் கழுத்தில் இருக்கும். கம்பெனியில் அதுதான் முறை. இங்கேயும் அவள் அதையே செய்தாள். திரையும், கீழே இருக்கும் பெட்டியும் ஒரு செட். முகம் மாதிரி மேலே தெரிவது திரை. சீட்டு திரையில். தம்பி அந்தச் சீட்டுகளைக் கவனித்ததே இல்லை. போகும்போது எந்தத் திரையும் எந்தப் பெட்டியோடும் போகும். இன்ன கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

முதலில் கேட்டது ஒரு நர்ஸ். பிரசவ மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரே மாதிரி ஆறு கம்ப்யூட்டர் வந்திருந்தன. வந்த ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, போன் வந்தது.

"அதுல ஒண்ணு நான் உக்காந்து வேலை பார்த்ததும்மா. திரையோட கீழ் மூலையில பிளாஸ்திரி ஒட்டியிருப்பேன். அதுக்குள்ள ஒரு லிஸ்ட் இருக்கு. நான் பிரசவம் பார்த்த பிள்ளைங்க எல்லாம். போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டேன். சாவகாசமா வந்து எடுத்துக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள உங்ககிட்ட அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை வரேன், அதுவரைக்கும் கை வச்சிராதீங்க."

அக்கா ஆறு திரையையும் திருப்பிப் பார்த்தாள். 213-இல் பிளாஸ்திரி இருந்தது. அதைத் துணியால் துடைத்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையின் உள் அறையில் போட்டுக்கொண்டாள். தம்பி வந்ததும் சொன்னாள்: "213-ஐ அழிச்சிடாதடா. நான் பத்திரமா வச்சிருக்கேன்."

"நீ வச்சா சரிதான்" என்றான் தம்பி. அந்த ஒரு சொல்லில் அவளுக்கு அன்று முழுக்கக் கால் வலி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் வந்தார். குள்ளமான உருவம், விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. உள்ளே இருப்பதை யாருக்கும் காட்டுவதில்லை என்பது தம்பியின் கறாரான விதி. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த லிஸ்டை மட்டும் கொடுக்கலாம் என்று மருத்துவமனையிடம் கடிதமே வாங்கி வந்திருந்தார். தம்பி இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினான். அக்கா கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் 213-ஐத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

தம்பி அவளைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான்.

"பெட்டி எங்கக்கா?"

"எந்தப் பெட்டி?"

"இதோட பெட்டி."

"அது அங்க அடுக்கில மத்ததோட இருக்கும். சிஸ்டர் கேட்டது இதுதானடா. பிளாஸ்திரி இருக்கு பாரு."

தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அக்கா, இது வெறும் கண்ணாடி மாதிரி. பெட்டியில இருக்கிறதைக் காட்டும், அவ்வளவுதான். இதுக்குள்ள ஒண்ணுமே இருக்காது."

"லிஸ்டை இதுலதானே பார்த்திருக்காங்க?"

"நீ கண்ணாடியில உன் முகத்தைப் பார்க்கிற. உன் முகம் கண்ணாடியிலயா இருக்கு?"

அக்காவுக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. "அப்போ ரெண்டு வருஷமா நான் கண்ணாடிக்குத்தான் நம்பர் போட்டுட்டு இருந்தேனா?"

அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அந்த ஆறு பெட்டியில அஞ்சை புதன்கிழமையே அழிச்சிட்டேன்" என்றான் மெதுவாக, நர்ஸைப் பார்த்து. "ரெண்டு பெட்டி நேத்து ஒரு விடுதிக்குப் போயிடுச்சு. மூணு அந்த மேசையில இருக்கு. ஒண்ணு செத்துப்போய் படிக்கு அடியில கிடக்கு. உங்களுது எதுன்னு தெரியல, சிஸ்டர். பெட்டியை நான் எண்ணிப் பார்த்திருக்கணும். அக்கா பூட்டி வச்சிருக்குன்னு விட்டுட்டேன்."

நர்ஸ் திரையின் மூலையில் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். "ரிட்டயர் ஆனப்போ ஒரு பூங்கொத்து குடுத்தாங்க. அது மூணு நாள் இருந்துச்சு. இது ஒண்ணுதான் என்னோடதுன்னு நினைச்சிருந்தேன். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து உக்காந்து அடிச்சது."

அக்கா நோட்டைத் திறந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. 213-க்கு நேரே 'என்ன குறை' கட்டத்தில் அவள் கையெழுத்து: பெட்டிக்குக் கால் ஒன்று இல்லை. மாத்திரை அட்டை மடித்து வைத்திருந்தது. எடுத்துவிட்டுக் கால் போட்டாச்சு.

"சிஸ்டர், உங்க பெட்டிக்கு ஒரு கால் இல்லையா?"

"எப்பப் பார்த்தாலும் காலால தள்ளுவேன். அதுல ஒண்ணு கழண்டு போச்சு. மாத்திரை அட்டையை முட்டுக் குடுத்திருந்தேன்."

"அதுக்குப் பதிலா என்னோட பழைய ரப்பர் செருப்புல வட்டமா வெட்டி ஒட்டினேன். நீலக் கலரு."

தம்பி எழுந்துவிட்டான். மேசையில் இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். நான்கு கால், கறுப்பு. அடுத்தது, நான்கும் கறுப்பு. மூன்றாவதும் அப்படியே. தம்பி போனை எடுத்து விடுதி எண்ணைத் தேடினான். "அதுல இருந்தா அழிஞ்சதுதான்க்கா. கேட்டும் புண்ணியமில்ல."

அக்கா அதற்குள் படிக்கு அடியில் பாதி நுழைந்திருந்தாள். உள்ளிருந்து குரல் வந்தது. "இந்தா இருக்குடா, நீலம்."

"அது செத்ததுக்கா."

"செத்ததுன்னா, அழிச்சதா, அழிக்காததா?"

"ஓடினாத்தானே அழிக்க முடியும்."

"அப்போ நல்லதா, கெட்டதா?"

"தெரியல, பொறு" என்றான். பெட்டியை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு தூசி இல்லை. அக்கா பிரஷ் போட்டுத் துடைத்த பெட்டிக்குள் எப்போதும் தூசி இருக்காது. ஆனால் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்று எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை யாரு கழட்டினது?"

"அதுக்கு அடியில அழுக்கு இருந்துச்சு. ஒயர் மறைச்சுது."

"திரும்ப மாட்டலையா?"

"மாட்டினேன்." கொஞ்சம் யோசித்தாள். "மாட்டினேன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருக்கேன்."

தம்பி ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினான். பெட்டி லேசாக முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. 213-ஐயே அதோடு இணைத்தான். நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்து, வீங்கிய விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினார்.

லிஸ்ட் திறந்தது. பெயர் எதுவும் இல்லை. தேதி, நேரம், எடை, ஆணா பெண்ணா. பக்கத்தில் அவருடைய சொற்கள். 'ரெண்டு தட்டு தட்டினபிறகுதான் அழுதான்.' 'அப்பாக்காரர் வாசலில் மயங்கி விழுந்தார், அவருக்கும் ஒரு கட்டில் போட்டோம்.' 'கரண்ட் இல்லை. டார்ச்சு வெளிச்சத்தில் வந்தாள், கண்ணைத் திறந்தே வந்தாள்.' நர்ஸ் வாய்விட்டுப் படித்தார், சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிக்குப் போனபோது நின்றுவிட்டார்.

"மூவாயிரத்து நூத்திப் பன்னிரண்டுன்னு காட்டுதே. நான் எல்லார்கிட்டயும் நாலாயிரம்னு சொல்லிட்டு இருக்கேன்."

"மிச்சம் அழிஞ்சிருக்குமோ?" என்று அக்கா பதறினாள்.

"இல்லம்மா. நாந்தான் கூட்டிச் சொல்லியிருக்கேன் போல."

தம்பி லிஸ்டை ஒரு சின்ன பென்டிரைவில் ஏற்றி, அச்சும் எடுத்துக் கொடுத்தான். கடிதத்தில் இருந்தபடி மற்றதையெல்லாம் அழிக்கப் பச்சைக் கோட்டை ஓடவிட்டான். அது முடியும்வரை நர்ஸ் கண்ணாடிக் கதவருகே நின்று தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்து, "நீ இல்லேன்னா இது போயிருக்கும்மா" என்றார்.

அக்கா நன்றி என்று சொல்லவில்லை. அந்தப் பாராட்டை எந்தப் பக்கத்தில் வாங்கி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. திரைக்கு எண் போட்டதால்தான் லிஸ்ட் போகப் பார்த்தது. ஒயரை மாட்டாமல் விட்டதால்தான் அது தப்பித்தது. ஒயரை ஒழுங்காக மாட்டியிருந்தால் புதன்கிழமையே அழிந்திருக்கும்.

மதியம் முழுக்க உட்கார்ந்து மிச்சமிருந்த எல்லாப் பெட்டிக்கும் எண் ஒட்டினாள். கீபோர்டுக்கும் ஒட்டினாள். மவுசுக்கு ஒட்டும்போது தம்பி, "எனக்கும் ஒண்ணு ஒட்டிரு, தொலைஞ்சு போயிடப் போறேன்" என்றான்.

"உன்னை ஒண்ணாவதுலயே ஒட்டியாச்சு, போடா."

பிறகு நோட்டை எடுத்தாள். 213-க்கு நேரே, 'போன இடம்' காலி. 'தவறு' கட்டத்தில், பெட்டிக்குச் சீட்டு ஒட்டவில்லை என்று எழுதினாள். அடுத்த வரியில், ஒயர் மாட்டவில்லை என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கியபடியே இருந்தாள்.

"டேய், ஒயர் மாட்டாதது தவறா, இல்லையா?"

தம்பி திரும்பாமலே சொன்னான். "தவறுதான். ஆனா எழுதாத."

"தவறுன்னா எழுதணுமேடா."

"அப்போ எழுது."

"எழுதிட்டேன். சிஸ்டர் கையைப் பிடிச்சுச் சொன்னாங்களே, அதுக்கு எந்தக் கட்டம்?"

அவன் வந்து நோட்டை எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. அக்கா ஸ்கேலை எடுத்து, 'தவறு' கட்டத்துக்கு வலப்பக்கம், தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு விரல் அகல இடத்தில் புதிதாக ஒரு கோடு போட்டாள். மேலே என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல் அதை அப்படியே விட்டுவைத்தாள்.