பாதி ஆட்டத்தில் பதினொரு பொன்னாடை

அபுதாபியில் ஒரு ரக்பி லீக் அணியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், தூத்துக்குடியில் என் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "அது என்ன கம்பெனி, என்ன விக்கிறாங்க?" என்பதுதான். ஒன்றும் விற்கவில்லை, அதுதான் பிரச்சினையே என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், நீளவாக்கில் முட்டை மாதிரி ஒரு பந்து, எண்பது நிமிட ஆட்டம். ஆடுகிறவர்கள் எல்லாரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பார்க்க வருகிறவர்கள் அவர்களுடைய மனைவி மக்கள், அப்புறம் அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் நாலு பேர். நான் சேர்ந்த முதல் இரண்டு வருடமும் கேலரி அப்படித்தான் கிடந்தது. சம்பளம், விசா, டிக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் என் மேசைதான். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை.

மூன்றாவது வருடம்தான் என் வீட்டுக்காரருக்கு, அபுதாபிக்கு மேற்கே இருக்கும் ருவைஸில், வேலை போனது. எண்ணெய் ரிஃபைனரியில் பதினாலு வருடம் டெக்னீஷியனாக இருந்தவர். கான்ட்ராக்ட் கம்பெனி மாறியது, இவரைப் போல ஒரு கூட்டத்தையே அனுப்பிவிட்டார்கள். அவரும் மகளும் என் விசாவுக்கு மாறினார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரி நடுவில் பொதுத்தேர்வு.

அக்டோபரில் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆள், சுற்றி வளைக்கத் தெரியாது. டிசம்பர் கடைசிக்குள் கேலரி நிறைய வேண்டும், ஒரு ஸ்பான்சர் வர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் முதலாளிகள் ஜனவரியோடு அணியை மூடிவிடுவார்கள் என்றார். அணி மூடினால் என் விசா கேன்சல். என் விசா போனால் வீட்டில் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும், மகள் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. எந்த ஸ்கூலில் எந்த ஹால் டிக்கெட்டோடு எழுதுவாள்?

மேனேஜரின் யோசனைகளைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஹோட்டல் பார்களில் போஸ்டர் ஒட்டுவோம் என்றார். பாரில் உட்கார்ந்திருப்பவன் அங்கேயே டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் எதற்கு மைதானத்துக்கு வருவான் என்றேன். பருந்து வேஷம் போட்ட ஆளை ஆடவிடுவோம் என்றார். அந்த ஆளுக்கு மட்டும்தான் நாம் ஆட்டம் காட்ட வேண்டியிருக்கும் என்றேன். "சரி, உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

வீட்டில் வந்து புலம்பியபோது, என் வீட்டுக்காரர் செல்போனில் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அப்புறம், "ஏட்டி, இது நம்ம கபடில்லா" என்றார். "பந்த வச்சிருக்கவன அமுக்கிப் போடுதான். எந்திரிச்சு திரும்ப ஆடுதான். ஆறு தடவ அமுக்கிட்டா பந்து அடுத்தவனுக்கு. இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? ருவைஸ் கேம்ப்ல நம்ம பயலுவ லீவு நாள்ல கபடி ஆடித்தான முட்டிய பேத்துக்கிட்டானுவ. அவனுவள கூட்டியாருவோம்."

"சும்மா டிக்கெட் குடுத்தா வருவாங்களா?"

"டிக்கெட்ட வச்சு என்ன செய்யதுக்கு? பஸ்ஸும் பிரியாணியும் குடு."

அப்படித்தான் நவம்பரில் ருவைஸிலிருந்து முதல் பஸ் வந்தது. ஒரு பஸ் இரண்டானது. நான் போகிற சர்ச்சில் நர்சுகள் பட்டாளம் ஒன்று உண்டு, டூட்டி இல்லாதவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். மகளை மைக்கில் நிறுத்தினேன். அவள் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ் என்று பேசி, ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கேலரியைத் தமிழில் எண்ண வைத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அத்தனை தொண்டையும் சேர்ந்து கத்தும். ஆறு வந்தால் விசில் பறக்கும். இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரனின் மனைவி, வெள்ளைக்காரப் பெண், அவளும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியது.

ஆனால் அதை எல்லாரையும்விட அனுபவித்தவர் எங்கள் கேப்டன்தான். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்தவர், முப்பத்திரண்டு வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம், மெல்லிய குரல். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் மீன் கொண்டுவரும் நாள் அவருக்கு எப்படித்தான் தெரியுமோ, டப்பாவை உரிமையோடு திறந்து பொரித்த துண்டை எடுத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். என் மகளின் பரீட்சைக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சர்ச்சில் அவளுக்காக ஜெபம் வைத்ததாகச் சொன்னார். ஆறு வரைக்கும் தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டு, ஆபீசுக்குள் வரும்போதெல்லாம் எண்ணிக் காட்டுவார்.

ஆள் வந்தாகிவிட்டது, ஸ்பான்சர் வேண்டும். மேனேஜர் வங்கிகளுக்கும் கார் கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் நம் வழியில் போனேன். வளைகுடாவில் ஒரு தமிழ் நிகழ்ச்சியை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பணம் எப்படி வரும் என்று. பொன்னாடை, நினைவுப் பரிசு, மைக்கில் பெயர், ஒரு போட்டோ. இந்த நாலும் சரியாக நடந்தால் கொடுக்கிறவர் சந்தோஷமாகக் கொடுப்பார். சூப்பர் மார்க்கெட் வைத்திருந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நாலு கடை அவருக்கு. "ஜெர்சில கடை பேர் வரும்னா யோசிக்கலாம்மா. ஒருநாள் வந்து பாக்கேன்" என்றார். டிசம்பர் கடைசி ஆட்டத்துக்கு வரச் சொன்னேன். பாதி ஆட்டத்தில் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ, ஐந்து நிமிடம் என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன்.

அன்றைக்குக் கேலரி நிறைந்து, புல்லிலும் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளை வந்தது. மைதான ஓரத்தில் சின்ன மேடை. பெரியவர், கேப்டன், நான், மைக்கில் மகள். அப்போது பஸ்களை ஏற்பாடு செய்த தமிழ்ச் சங்கத் தலைவர் கையில் ஒரு பேப்பரோடு மேடையேறினார்.

"தங்கச்சி, இந்தச் சங்கத்துக்காரங்க பத்துப் பேருக்கும் பொன்னாடை விட்டுப்போச்சுன்னா அடுத்த தடவ பஸ்ல ஒருத்தன் ஏறமாட்டான், சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி, ரெஃப்ரி விசில் அடிச்சிருவாரு. நேரம் கிடையாது."

"என்னத்த பெரிய நேரம், அஞ்சு நிமிஷம்."

"பொன்னாடை ஒண்ணுதான் இருக்கு."

அவர் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். ஒரு ஆள் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பத்துப் பொன்னாடை, மடிப்புக் கலையாமல். எனக்கு மறுக்கத் தைரியம் வரவில்லை. பெரியவரோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் இருந்தார். மகள் கையில் பட்டியலைக் கொடுத்தேன்.

ஒவ்வொருவருக்கும் கேப்டன்தான் போர்த்த வேண்டும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் போர்த்தினார். ஒவ்வொரு தடவையும் போட்டோக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்றார். நாலாவது ஆளுக்கு அடைமொழி விட்டுப்போனது என்று திரும்பக் கூப்பிட வைத்தார்கள். எதிரணி ஆட்டக்காரர்கள் மைதானத்தின் ஓரமாக ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் அப்படியே. கேப்டன் ஒருவர் மட்டும் வியர்த்த ஜெர்சியோடு, குளிர்ந்த கடல்காற்றில் உடம்பு ஆற மேடைமேல் நின்றார். என் காதருகே குனிந்து, "சிஸ்டர், எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ஃபைவ் மினிட்ஸ்" என்றேன்.

ஆறாவது பொன்னாடையில் திரும்பக் கேட்டார். திரும்பவும் ஃபைவ் மினிட்ஸ். ஒன்பதாவதில் கேட்டபோது நான் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். ரெஃப்ரி வாட்சைத் தட்டிக் காட்டினார். மேனேஜர் ஒருதரம் பெரியவரைப் பார்த்துவிட்டு, ரெஃப்ரியிடம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பதினொன்றும் முடிந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. மகள் மைக்கை மூடிக்கொண்டு, "அம்மா, யூ செட் ஃபைவ் மினிட்ஸ்" என்றாள். "வாய மூடுடி" என்றேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேப்டன் கைக்குப் பந்து வந்தது. ஒண்ணு, ரெண்டு என்று கேலரி எண்ணியது. மூன்றாவது தடவை எழுந்தபின் பக்கவாட்டில் இடம் கிடைத்து அவர் ஓடினார். பத்துப் பதினைந்து அடி போயிருப்பார். யாரும் தொடவில்லை. தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தானாகக் கீழே விழுந்தார். நாலு என்று யாரும் சொல்லவில்லை. கேலரியிலிருந்து இரண்டு நர்சுகள் இறங்கி ஓடினார்கள், எங்கள் பிசியோவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி திரும்பி வந்து என்னிடம், "தசை எலும்ப விட்டே கிழிஞ்சிருக்கும் போல இருக்குக்கா. இனி ஓடுறதுக்கு வருஷமாகும்" என்றாள்.

பெரியவர் மறுவாரம் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொன்னாடைப் போட்டோவைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார், இப்போதும் அங்கே இருக்கிறது. முதலாளிகள் அணியை மூடவில்லை. செய்தி வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கேக் வாங்கினேன்.

பிறகுதான் மேனேஜர் கேப்டன் பேச்சை எடுத்தார். கான்ட்ராக்ட் ஜனவரியோடு முடிகிறது, ஓடமுடியாத ஆளுக்குப் புதுப்பிக்க முடியாது, வந்த ஸ்பான்சர் பணத்தில் அவருடைய இடத்துக்கு வேறொருவரை எடுத்தாக வேண்டும். நான் வாதாடினேன். இந்தப் பணமே அவர் மேடையில் நின்றதால் வந்ததுதானே என்றேன். மேனேஜர் என்னை முறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "தெரியும்" என்றார், அவ்வளவுதான். விசா கேன்சல் செய்கிற வேலை யாருடையது? என்னுடையது.

பிப்ரவரி மாதம், ஒரு காலைநேரம். அவர் ஊன்றுகோலோடு ஆபீசுக்குள் வந்தார், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அன்றைக்கு நான் வேண்டுமென்றே மீன் கொண்டுபோயிருந்தேன். டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் திறக்கவில்லை. நாலு மாதமாக என் பெயரோடு என் கண்ணில் நின்ற அதே விசா கேன்சல் ஃபாரம் கம்ப்யூட்டரில் இருந்தது, பெயர் மட்டும் அவருடையது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குப் பதில் ஃபாரத்தில் அவர் பெயரின் எழுத்துகளைத் திரும்பச் சரிபார்த்தேன்.

அவர்தான் பேசினார். "மகளுக்குப் பரீட்சை எப்போது?"

"இன்றைக்குத்தான். இப்போது எழுதிக்கொண்டிருப்பாள்."

"நல்லது" என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார், "இது முடிய எவ்வளவு நேரம் ஆகும், சிஸ்டர்?"

பட்டனை அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.