பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாய்

பிள்ளைகள் நாய் வேண்டும் என்று கேட்டபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. அவர்கள் அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். அறந்தாங்கி வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். "ஒனக்கும் தொணையா இருக்கும்ல?" என்றார் வீடியோ காலில்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஆறு வயதில் தெருநாய்க்குட்டி ஒன்றோடு விளையாடி விரலில் கடி வாங்கிக்கொண்டு வந்தான். அப்பா அடிப்பார் என்ற பயத்தில் என்னிடம் மட்டும் காட்டினான். நானும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறினான். பிறகு அவன் இல்லை. அந்த அலறல் இன்றும் பட்டப்பகலில், பாத்திரம் கழுவும்போதுகூடக் கேட்கும்.

பிள்ளைகள் விடவில்லை. கால்நடை டாக்டரிடம் போனேன்.

"குட்டி வேணாம்மா. சின்னப் புள்ளைங்க போட்டுக் கசக்குவாங்க, அது கடிச்சுப் பழகிரும். புள்ளைங்களோட பழகுன பெரிய நாயாப் பாருங்க. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டு இருக்கணும்."

ஆவூரில் ஒரு டீச்சர், சென்னையில் மகளின் ஃபிளாட்டுக்குக் குடிபோக இருந்தார். அங்கே நாய்க்கு இடமில்லை. மூன்று வயதுப் பெட்டை, செவலை நிறம். வாலைத் தொட்டேன். காதைப் பிடித்தேன். தின்னும்போது தட்டை நகர்த்தினேன். உறுமாமல் ஒதுங்கி நின்றது.

"லீவுக்கு வர்ற பேரப்புள்ளைங்க இது மேலயே ஏறி விழுவாங்க. ஒண்ணும் செய்யாதுங்க" என்றார் டீச்சர். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தேன்.

நாய் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். குளிப்பாட்டும்போது மகன் வலது கையை மூடியே வைத்திருந்தான். பிரித்தேன். மெல்லிய சிவப்புக் கோடு.

"முள்ளு" என்றான்.

மகள் அழுதாள். "நாய் நகம்மா. இவன் பந்தைப் புடுங்குனான். நீ நாயக் கொண்டுபோய் விட்டுருவேன்னுதான் சொல்லல."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. சீட்டைப் பார்த்தும் நர்ஸ் ஊசி போட்டார். திரும்பும் வழியில் தம்பியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

"மாமா ஒங்கிட்டக் காட்டுனாங்களா?" என்றாள் மகள்.

"காட்டுனான்."

"நீ தாத்தாகிட்டச் சொன்னியா?"

"சொல்லல."

அதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, கணவரிடம்கூட. மகள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாயை நான் எங்கும் விடவில்லை. அவன் அதன் முதுகில் சாய்ந்துதான் டிவி பார்க்கிறான். சாயங்காலம் இருவரும் கேட்காமலே கைகளை நீட்டுகிறார்கள். ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்த பிறகும், இன்னும் ஒரு கை பாக்கி என்பதுபோல் சில நாள் நின்றுவிடுகிறேன்.