ஒரு ஜெர்மன் ஆற்றைத் தூசு தட்டின கதை

வீடு துடைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்தால் அது ஒருத்தருடைய கண்ணிலும் படாது. பிழை விட்டால்தான் அந்த வீட்டில் நாங்களும் இருக்கிறோம் என்று தெரியவரும். பலெர்மோவில் இந்த வேலை செய்கிற உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெல்லிய கண்ணாடிக் குவளையைத் துடைக்கும்போது மூச்சை அடக்கினவர்கள், பளிங்குத் தரையில் வழுக்கி விழுந்தும் சத்தம் காட்டாமல் எழும்பினவர்கள் நீங்கள். இடம்பெயர்ந்து திரிந்ததில் என்னுடைய படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு வராது. எழுதும்போது ஒருத்தரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்தத் துணிவிலே எழுதுகிறேன்.

கொரிடோரில் ஓடின ஆறு

லிபெர்த்தா வீதியில் அந்த வீட்டு வேலையை எனக்கு எடுத்துத் தந்தவ மன்னார் ஜசிந்தா அக்கா. போர்கோ வெக்கியோவில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறா. "வீட்டுக்கார சிஞ்ஞோரா தனி ஆள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமாம். வீட்டிலை கொஞ்சம் கல்லு இருக்கு, வேறை கரைச்சல் இல்லை" என்றுதான் சொன்னா. போய்ப் பார்த்தால் கொரிடோர் முழுக்கக் கல்லு. நீளமாக இரண்டு தட்டு, நாற்பத்து மூன்று கல்லு, ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கடுதாசித் துண்டு. செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்க வேணும்.

சிஞ்ஞோராவின் காலமான கணவர் ஒரு ஜெர்மன்காரர், கல்லுப் படிப்புப் படித்த பேராசிரியர். ரைன் என்கிற ஆறு அவருடைய ஊரில் ஒரு மலைநாட்டை ஊடறுத்துப் போகிறதாம். ஆறு மலைக்குள் நுழைகிற இடத்துக் கல்லை இடப்பக்கத்துச் சுவரோடும், மலையை விட்டு வெளியேறுகிற இடத்துக் கல்லைக் குசினி வாசலிலும் அவர் அடுக்கியிருந்தார். மேல்தட்டு ஆற்றின் வலக்கரை, கீழ்த்தட்டு இடக்கரை. நான் துணியோடு சுவர்ப்பக்கம் தொடங்கிக் குசினிக்கு வந்து சேர்ந்தால் அந்த ஆற்றோடு முழுத்தூரமும் வந்த மாதிரி. ஆறு எப்படி மலைக்குள்ளால் போனது என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். சிஞ்ஞோரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "ஆறு முதலே அங்கை ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் நிலம் மெல்ல மெல்ல எழும்பினது. ஆறு விலத்திப் போகேல்லை, நிண்டு அறுத்தது. என்ர மனுசனும் அதே சாதி, வாணி, ஒரு கதையிலையும் விட்டுக் குடுக்கமாட்டார்."

மிதந்த கல்லு

என்னுடைய மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. குசினி வாசலில் ஒரு விரிப்பில் இருத்திவிட்டுத்தான் வேலை செய்வேன். ஒருநாள் தொப்பென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கீழ்த்தட்டில் இருந்த வெள்ளைக் கல்லு ஒன்று என்னுடைய வாளித் தண்ணீருக்குள். பேராசிரியருடைய கல்லு. ஓடிப் போய்க் கையை விட்டால் கல்லு அடியில் இல்லை, மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மகள் கைதட்டுகிறாள். எனக்கு அழுகையும் வருகிறது, இந்தக் கல்லு ஏன் தாழவில்லை என்ற யோசினையும் வருகிறது.

சத்தம் கேட்டு சிஞ்ஞோரா வந்துவிட்டா. ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவ நிலத்திலே இருந்து கல்லை விரலால் தண்ணீருக்குள் அமத்தி அமத்தி விட்டா. அந்த மலைநாட்டில் எரிமலைகளும் இருந்தனவாம். அதிலே ஒன்று வெடித்தபோது நுரையாகப் பொங்கி அப்படியே இறுகின கல்லாம் இது. வெடித்த வாயில் இப்போது வட்டமான ஒரு ஏரி இருக்கிறதாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மகளின் ஈரக் கையைத் தன்னுடைய சட்டையில் துடைத்தா. "அவர் எனக்கு இதைப் பத்துத்தரம் விளங்கப்படுத்தினவர். உன்ர மகள் ஒரே தரத்திலை விளங்கப்படுத்திப்போட்டாள்."

விருந்துக்குக் கழுவினது

மூன்றாவது வருஷம் சிஞ்ஞோரா ஒரு முடிவு எடுத்தா. தனக்குப் பிறகு கல்லுகள் குப்பைக்குப் போகக்கூடாது, இப்போதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட வேணும். அங்கேயிருந்து ஒரு தொத்தோரெஸ்ஸா, கல்லுப் படிப்புப் படித்த பெண், பார்க்க வருவதாக நாளும் குறித்தாயிற்று. சிஞ்ஞோரா தங்கச்சி வீட்டுக்கு மூன்று நாள் போகமுதல், "வடிவாத் துடைச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனா. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்களுடைய சனம் துடைப்பதோடு நிற்குமா? கழுவும். நான் நாற்பத்து மூன்றையும் குளியல் தொட்டியில் அடுக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, குழாய்க் கறைக்குப் போடுகிற புளிக்காடி வினாகிரியையும் ஒரு போத்தல் ஊற்றினேன்.

இரண்டு கல்லு சர்ரென்று நுரைத்தது. பயந்துபோய் அந்த இரண்டையும் வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசினேன். திரும்பித் தொட்டியைப் பார்த்தால் நாற்பத்து மூன்று கடுதாசித் துண்டும் கல்லை விட்டுக் கழன்று பூ மாதிரி மிதக்கிறது. கல்லு எந்த இடத்துக்குரியது என்பது அந்தத் துண்டில்தான் இருக்கிறது. இந்த நாட்டில் இருக்கிறதுக்கான என்னுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிறதுக்கு சிஞ்ஞோரா வேலைக் கடுதாசி தர வேணும், அது அடுத்த மாதம். கல்லுகள் பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டால் அவவின் மனம் உடையும். உடைத்தவளுக்கு ஆர் கடுதாசி தருவினம்? ஜசிந்தா அக்காவுக்குப் போன் எடுத்து விம்மினேன். அக்கா சொன்னா: "அழுது முடிஞ்சுதெண்டால் துண்டுகளைக் காயப் போடு. முடியேல்லையெண்டால் காயப் போட்டிட்டு அழு."

சோற்றுப் பசை

துண்டில் இருந்த ஜெர்மன் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியாத ஆள் எழுத்தை முகம் மாதிரிப் பார்க்கும். மூலை கிழிந்தது, கோப்பிக் கறை பட்டது, கடைசி எழுத்து வால் நீட்டினது என்று இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கிழமைக்கு இரண்டு தரம் பார்த்த முகங்கள். கல்லுகளையும் கை அறியும். ஆறு நுழைகிற வாசலில் இருந்த வெள்ளைக் கல்லு சரியான கடினம், அரிசிமணி மாதிரிப் பளபளப்பு. அதற்குப் பிறகு சிலேட்டுக் கல்லுகள், ஏடு ஏடாக. நான் படித்த கொஞ்ச வகுப்பும் சிலேட்டில் எழுதித்தான் படித்தது, அந்தக் குளிர்ச்சி விரலுக்குத் தெரியும். சின்னனாக இருந்துகொண்டு கையை இழுத்து விழுத்துகிற கறுப்புக் கல்லு, எரிமலைக் குழம்பு இறுகினது. பழைய கடல் உயிர்களின் அடையாளம் பதிந்த மூன்று சாம்பல் கல்லு. அந்த மலைநாடு ஒரு காலம் கடலின் அடியாம். ஒன்றரை நாளில் எல்லாத் துண்டும் தன்னுடைய கல்லில். வீட்டில் கோந்து இல்லை. பட்டம் ஒட்டுகிற மாதிரி, குழைந்த சோற்றை நசித்து ஒட்டினேன். நல்லாகத்தான் பிடித்தது.

சிஞ்ஞோரா திரும்பி வந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்தநாள் காலையில் குசினி ஜன்னலில் இருந்து ஒரு எறும்பு வரிசை கொரிடோருக்குள் வந்து, எரிமலைகளைக் கடந்து, சிலேட்டுகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் ஈரத்துணியோடு பாய்ந்தேன். சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து கனநேரம் பார்த்தா. "நாப்பது வருஷமா இந்தக் கல்லுகளுக்கு அவரைத் தவிர ஒரு ரசிகரும் இல்லை. இப்ப பார், வரிசையிலை வருகினம்."

தொத்தோரெஸ்ஸாவின் நகம்

தொத்தோரெஸ்ஸா முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, சிரிக்காத ஆள். முதல் கல்லை எடுத்தா, துண்டின் ஓரத்தை நகத்தால் தட்டினா, துண்டு கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை. "இது என்ன?" என்று கேட்டா. சிஞ்ஞோரா என்னைப் பார்த்தா.

மகளைப் பெற்ற நேரத்தில்கூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை. தெரிந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன்: தொட்டி, வினாகிரி, சோறு, எறும்பு. சிஞ்ஞோரா கதிரையில் இருந்துவிட்டா. தொத்தோரெஸ்ஸா தான் கொண்டு வந்த பெட்டியை மூடினா. "நீங்கள் சரியாத்தான் ஒட்டியிருக்கலாம். ஆனால் அதுக்கு என்ன சாட்சி? எடுத்த இடம் தெரியாத கல்லு வெறும் கல்லு, முற்றத்திலை போடலாம்." அவ வாசல் வரைக்கும் போய்விட்டா. அந்த நேரம் என்னுடைய வாய் தானாகத் திறந்தது. "எல்லாத் துண்டையும் கழட்டுங்கோ. கல்லுகளைக் கலக்குங்கோ. நான் திரும்ப வைக்கிறன்."

சிஞ்ஞோரா எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து ஒரு கொப்பி கொண்டு வந்தா. பேராசிரியர் இளந்தாரியாக அந்த மலைகளில் ஏறி இறங்கின காலத்தில், ஒவ்வொரு கல்லையும் நிறம், பாரம், எடுத்த இடம் என்று எழுதி வைத்த கொப்பி. தொத்தோரெஸ்ஸா துண்டுகளைக் கழற்றினா. கல்லுகளைச் சாப்பாட்டு மேசையில் குழப்பிப் பரப்பினா. நான் ஒவ்வொன்றாகத் தூக்கி, கையால் நிறுத்து, கொரிடோரில் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு போனேன். அவ பின்னால் கொப்பியோடு. "வலக்கரை, ஆறு ஆகலும் ஒடுங்கிற இடத்துப் பாறையின்ரை அடி, சிலேட்டு, குறுக்கை வெள்ளைக் கோடு. சரி." பத்தாவதில் அவவின் குரல் கொஞ்சம் இளகினது. இருபதாவதில் பேனையை மூடி வைத்தா. மலையை விட்டு ஆறு வெளியேறுகிற இடத்துக் கல்லு, கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி மினுங்குகிறது, அதை வைத்தபோது, "அந்த மலையிலை வெட்டித்தான் ஆத்தங்கரை நகரத்துப் பெரிய தேவாலயத்தைக் கட்டினவை" என்று தானாகவே கதை சொன்னா.

கடல் கல்லுகள் மூன்றும் வந்தன. மூன்றுமே சுண்ணாம்புக்கல் என்று கொப்பியில் இருந்ததாம். தொத்தோரெஸ்ஸா ஒரு சின்னப் போத்தலில் இருந்து ஒவ்வொரு சொட்டு அமிலம் விட்டா. இரண்டு நுரைத்தது. மூன்றாவது பேசாமல் இருந்தது. "இஞ்சை பிழைச்சுப்போச்சு. இது வேறை ஒரு கல்லு" என்றா. ஆனால் கை சரியாகத்தான் வைத்தது என்று எனக்குத் தெரியும். "இல்லை. இடக்கரை மலையிலை மூண்டாவது இதுதான். என்ர வினாகிரிக்கும் இது நுரைக்கேல்லை. மற்ற இரண்டும்தான் நுரைச்சது" என்றேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்திநுனியால் கல்லைச் சுரண்டி, அந்த மாவில் ஒரு சொட்டு விட்டா. மெல்ல, மிக மெல்ல, நுரை வந்தது. தொலமைற் என்றா. சுண்ணாம்புக்கல்லின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியாம். மாவாக்கினால் தவிர இலேசில் நுரைக்காதாம். கல்லு சரியான இடத்தில், கொப்பியிலேதான் பிழை.

தொத்தோரெஸ்ஸா கொப்பியில் பேராசிரியர் எழுதினதற்குப் பக்கத்தில் பென்சிலால் திருத்தினா. சிஞ்ஞோரா அந்தத் திருத்தத்தை இரண்டு தரம் வாசித்தா. பிறகு கண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தா. "வாணி, நாளைக்கு உன்ர வேலைக் கடுதாசியைக் கொண்டு வா, இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கிறன். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்த மனுசன் பிழை விட்டதை நான் கண்ணாலை பாத்தது இண்டைக்குத்தான்."

கண்ணாடி அலுமாரி

கல்லுகளைப் பல்கலைக்கழகத்தில் அடுக்குகிறதற்கும் என்னைத்தான் வரச் சொன்னார்கள். தொத்தோரெஸ்ஸா கார் அனுப்பினா. கூலிக்காரர் பெட்டிகளை இறக்க, நான் "அது வலக்கரை, இது இடக்கரை" என்று கை காட்ட, படித்த ஆட்கள் இரண்டு பேர் நான் சொன்ன இடத்தில் வைத்தார்கள். பெரிய கூடம், யன்னல் வெளிச்சம், அலுமாரியின் மேலே பேராசிரியருடைய பேர். சிஞ்ஞோரா தலைமயிர் சீவி, முத்துமாலை போட்டு, கதிரையில் ராணி மாதிரி இருந்தா. மகள் அவவின் மடியில். என்னுடைய மனுசன் பொலிதேயாமாப் பக்கத்துச் சமையல் வேலையை அரைநாள் விட்டு வந்து, ஒரு மூலையில் நின்று படம் படமாக எடுத்தார். ஓம், எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

எல்லாரும் கைதட்டி முடிந்த பிறகு பின்கதவு திறந்தது. தும்புத்தடியும் வாளியுமாக வந்தது ஜசிந்தா அக்கா. அவ துப்புரவு வேலை செய்கிற கட்டடங்களில் இதுவும் ஒன்றாம், அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அக்கா, பாருங்கோ, நாப்பத்து மூண்டும் வந்திட்டுது" என்றேன். அக்கா தட்டுகளை இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் எண்ணினா. அலுமாரிக் கண்ணாடியை விரலால் தடவினா. விரலைப் பார்த்தா. "நீ வெண்டது சந்தோசம், பிள்ளை. உந்த ஆத்தைக் கிழமைக்கு எத்தினை தரம் துடைக்க வேணும் எண்டதை மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டுப் போ."

எங்களுடைய தொழிலில் ஒருத்தியின் வெற்றி என்பது, பெரும்பாலும் இன்னொருத்தியின் செவ்வாயும் வெள்ளியும்தான்.