தார்ப்பாயக்கா கட்டிய அருவி

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு, மகனும் மகளும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அம்மாவின் மிச்ச வாழ்க்கைக்குத் திட்டம் போட்டு முடித்தார்கள். வீட்டை விற்றுவிடுவது. அம்மா ஆறு மாதம் மகன் வீட்டில், ஆறு மாதம் மகள் வீட்டில். தையல் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம். இதையெல்லாம் பேசும்போது அம்மாவும் அதே அறையில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

“நான் இங்கதான் நிக்கறேன்,” என்றாள்.

“அதாம்மா, உனக்காகத்தான பேசிட்டிருக்கோம்,” என்றான் மகன்.

“எனக்காகப் பேச எனக்கே வாய் இருக்கு. நான் எங்கயும் வரல.”

துக்கத்தில் பேசுகிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். தாயைப் பற்றி அவர்கள் போட்ட தப்புக் கணக்குகளில் அதுதான் பெரியது.

தெருவில் அவளுக்குப் பெயர் தார்ப்பாயக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். லாரிகளுக்குத் தார்ப்பாய், கடைகளுக்கு மழைப்படுதா, தோட்டங்களுக்கு நிழல்வலை என்று எது வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கனத்த துணியை இழுத்து இழுத்துத் தோள்கள் ஆண்பிள்ளைத் தோள்களாக ஆகியிருந்தன. இந்த வீடும் அந்தத் தோள்கள் வாங்கியதுதான். அவள் பெயரில் இருந்தது. அவள் சம்மதிக்காமல் ஒரு செங்கல்லும் கை மாறாது.

கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், நிறையப் பேசுகிறவர். பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரு கையும், அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளை மணியும்தான். மணி அடித்தால் அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னறைக்கு ஓடுவாள். தண்ணீர் வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். சில சமயம் ஒன்றுமே வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருஷம் ஒரு தையலையும் அவளால் ஒரே மூச்சில் ஓட்டி முடிக்க முடிந்ததில்லை. பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள், “அப்பா தேறிட்டாரே!” என்பார்கள், பழம் வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷங்களில் ஒருநாள் செடி விற்கும் பண்ணை ஒன்றுக்கு நிழல்வலை கொடுக்கப் போனாள். அங்கே மூலையில் பாறைகளை அடுக்கி, மேலிருந்து தண்ணீர் விழும்படி செய்திருந்தார்கள். விழுந்த தண்ணீர் கூழாங்கற்களுக்கு நடுவே புகுந்து காணாமல் போனது. குளம் இல்லை, தொட்டியும் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள்.

“தண்ணி எங்கங்க போகுது?”

“அடியில குழி இருக்கும்மா. ரப்பர் ஷீட் போட்டு, உள்ள கல்லைக் கொட்டியிருக்கோம். கல்லுக்கு நடுவுல தண்ணி நிக்கும். பம்பு அதைத் திரும்ப மேல ஏத்திவிடும்,” என்றார் பண்ணைக்காரர்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண் காத்திருப்பாளே என்ற நினைப்பு வந்து, அரை மனதோடு திரும்பினாள்.

இப்போது அவளுக்காக எங்கேயும் யாரும் காத்திருக்கவில்லை. பின்கட்டில் துணி காயும் கம்பியை அவிழ்த்தாள். துருப்பிடித்த கட்டிலையும் இரும்புச் சட்டங்களையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். பின்சுவர் ஓரம் தரை மேடாகவும், வீட்டுப் பக்கம் தாழ்வாகவும் இருந்தது. தார்ப்பாய் வெட்டும்போது போடுவது போலவே கயிற்றைப் பிடித்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். மேலே சுவர் ஓரம் அருவியின் தலை, நடுவில் மூன்று படி, கீழே குழி. அதற்குப் பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டாள்.

பிளம்பர் அந்தத் தெருவுக்கே சந்தேகத் திலகம். குழாய் திறக்கச் சொன்னால்கூட, திறந்தால் தண்ணீர் வந்துவிடுமே என்று யோசிக்கிற ஆள். ஆனால் வேலையில் பொய் சொல்ல மாட்டார். கோட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

“அக்கா, செய்யறதுதான் செய்யறீங்க, கீழ அழகா ஒரு தொட்டி கட்டிடலாம். நாலு மீன் விடலாம். பாக்கக் கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும்.”

“மீனுக்கு யாரு தீனி போடறது?”

“நீங்கதான்.”

“தொட்டிய யாரு கழுவறது?”

பிளம்பர் மறுபடி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

“கேளு தம்பி. இனிமே இந்த வீட்டுல என் கையை எதிர்பாத்து ஒரு உசுரும் இருக்கக் கூடாது. மீன் வேணாம், பூனை வேணாம், பூச்செடி கூட வேணாம். தண்ணி விழணும், கல்லுக்குள்ள போகணும். நான் பாக்கலாம், பாக்காமலும் இருக்கலாம். சுவிட்சைப் போட்டா ஓடணும், அணைச்சா நிக்கணும். அதுக்கு என்மேல கோபமும் வரக் கூடாது, ஏக்கமும் வரக் கூடாது.”

குழியை அவளே வெட்டினாள். காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம். வெட்டிய மண்ணைச் சுவர் ஓரம் கொட்டி மிதித்து மேட்டை உயர்த்தினாள். இடுப்பளவு ஆழம் வந்திருந்த நாளில், வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மகன் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்தான். வீடு பார்க்க வந்தவர்கள். குழிக்குள் சேற்றுக் கையோடு நின்ற பெண்மணியைப் பார்த்து அந்த மனைவி தயங்கினாள்.

“இது... என்ன குழிங்க?”

“என் பிள்ளைங்க என்னை உசுரோட புதைக்கணும்னு சொல்றாங்க. அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே வெட்டிட்டிருக்கேன்.”

தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடியைப் பார்க்க வேண்டாமா என்று மகன் கேட்டபோது, அவர்கள் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கார் போனதும் மகன் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. “ஏம்மா என் மானத்த வாங்கற? இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு அருவி? கேக்கறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். வயித்துக்கு நல்லது.”

“அப்பா போயி ஒரு மாசம் ஆகல...”

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். “அப்பா இருந்தப்ப ஒரு வாரம் அந்த ரூம்ல படுத்துப் பாத்தியாடா? நான் பாத்துட்டேன். எவ்வளவு அழணுமோ அவர் இருக்கும்போதே அழுதுட்டேன். இப்ப எனக்கு வேலை இருக்கு. தள்ளி நில்லு, காலடி மண்ணு சரியுது.”

அதற்கு அடுத்த வாரம் கல் லாரி வந்தது. சந்துக்குள் பின்னோக்கி நுழைந்து, மதிலுக்கு மேல் சாய்த்துக் கொட்டியபோது வீடே அதிர்ந்தது. தெருவில் பாதிப்பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். “வீட்டை விக்கப் போறதா உங்க பையன் சொன்னாரே?” என்று யாரோ கேட்டார்கள். “இந்தக் கல்லை எவன் தூக்கிட்டுப் போவான்னு அவனையே கேளுங்க,” என்றாள் தார்ப்பாயக்கா.

ஆனால் அவள் செய்த தப்பும் அந்த வாரத்தில்தான் நடந்தது. குழிக்கு விரிக்க ஒரே துண்டாக ரப்பர் ஷீட் வாங்கச் சொன்னார் பிளம்பர். அவள் கேட்கவில்லை. பட்டறையில் நல்ல கனமான நீர்புகாத் துணி வெட்டுத்துண்டுகளாகக் கிடந்தது. சூட்டில் ஒட்டும் கருவியும் அவளிடம் இருந்தது. லாரிமேல் போட்ட தன் தார்ப்பாய் எந்த மழையில் ஒழுகியிருக்கிறது? துண்டுகளை ஒட்டினாள், இழுத்துப் பார்த்தாள், ஓரத்தை மடித்து இன்னொருமுறை ஒட்டினாள். அடியில் பழைய கம்பளிகளைப் போட்டு மேலே அதை விரித்தாள். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் குழியின் மூலையில் நிறுத்தி, அதற்குள் பம்பை இறக்கினார் பிளம்பர். பீப்பாயைச் சுற்றிப் பெரிய கற்கள், மேலே கூழாங்கற்கள். பம்பிலிருந்து குழாய் மண்ணுக்கடியிலேயே மேட்டின் உச்சிக்குப் போனது. படிகளிலும் துணியை விரித்துப் பாறைகளை அடுக்கினாள்.

தண்ணீர் நிரப்பி சுவிட்சைப் போட்டார்கள். அருவி விழுந்தது. பிளம்பர் கைதட்டினார்.

மறுநாள் காலை பம்பு வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. கூழாங்கற்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லின் பாரத்தில் ஒட்டு பிரிந்து, இருந்த தண்ணீர் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. வீட்டுச் சுவரின் அடிப்பகுதி வரை ஈரம் ஏறியிருந்தது.

அன்று பார்த்து மகள் போன் செய்தாள். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். “நாங்க அப்பவே சொன்னோம்ல? போதும்மா. விட்டுடும்மா. மூடிட்டு இங்க வந்துடு.” அவள் கேலியாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு தார்ப்பாயக்கா கற்குவியல்மேல் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. ஒருவேளை பிள்ளைகள் சொல்வதுதான் சரியோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. பிளம்பர் வந்து சேரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

வந்தவர் எதிரே நின்று தலையைச் சொறிந்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

“தப்பு என்னோடதுதான்,” என்றாள் அவளே. “மேல விழுந்து ஓடற மழை வேற, உள்ளயே நிக்கற தண்ணி வேற. என் ஒட்டு பிரியாதுன்னு திமிரு எனக்கு.”

“மூடிடலாமாக்கா?”

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பிளம்பர் ஓரடி பின்வாங்கினார்.

“மூடறதா? நான் தோத்தது அந்த ஒட்டுகிட்ட, என் பிள்ளைங்ககிட்ட இல்ல. கல்லை எடு.”

கீழே போன கல் எல்லாம் மறுபடி மேலே வந்தது. இரண்டு பேரும் எடுத்தார்கள். நகராத பாறைகளைத் தார்ப்பாய்த் துண்டில் உருட்டி ஏற்றி இழுத்தார்கள். ஈரம் காயும்வரை பொறுத்து, இந்த முறை குழிக்கு ஒட்டே இல்லாத ஒரே ரப்பர் ஷீட்டாக வாங்கினாள். ஓரங்களைத் தரைமட்டத்துக்கு மேல் தூக்கி விட்டாள். படிகளில் விரித்த ஷீட்டின் கீழ்முனை குழி ஷீட்டுக்குள் இறங்கும்படி, ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். மறுபடி சுவிட்ச். இப்போது தண்ணீர் ஒழுகவில்லை. ஆனால் விழவும் இல்லை. பாறைகளுக்கு அடியில் சந்து கண்டுபிடித்துத் திருடனைப் போலச் சத்தமில்லாமல் இறங்கியது. பிளம்பர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சந்துகளில் சிமெண்டுக் கலவையைத் திணித்து அடைத்தார்கள். அது இறுகியபின், தண்ணீருக்கு வேறு வழியில்லாமல் கல்லின் முகத்துக்கு மேலே வந்து விழுந்தது.

பிளம்பர் போன பிறகு டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்கட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே இருந்து தண்ணீர் முதல் படியில் அகலமாக விழுந்தது, இரண்டாவதில் இரண்டாகப் பிரிந்தது, கடைசியில் கூழாங்கற்களுக்குள் நுழைந்து மறைந்தது. டீ முடியும்வரை யாரும் கூப்பிடவில்லை. மணி அடிக்கவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு சூடாகக் குடித்த முதல் டீ அது என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்காகவும் அழுதாள், தனக்காகவும் அழுதாள். துடைத்துக்கொண்டு இன்னொரு டீ போடப் போனாள்.

மகன் பல மாதங்கள் எட்டிப் பார்க்கவில்லை. மகள் மட்டும் ஒருமுறை குழந்தையோடு வந்தாள். ஆழத் தண்ணீர் இல்லை என்பதைக் கையை விட்டுச் சோதித்துப் பார்த்துக்கொண்டு, குழந்தையைக் கூழாங்கல்மேல் உட்கார விட்டாள். வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, “அண்ணன்கிட்ட நான் பேசறேன்மா,” என்றாள்.

“பேசணும்னா பேசு. எனக்காகப் பேச வேணாம்,” என்றாள் அம்மா.

பேசினாளோ என்னவோ, மகன் வந்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வேலை, தலைவலி, தூக்கமில்லை என்று என்னென்னவோ சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

“சரிம்மா, விக்க வேணாம். வருஷத்துல ஒரு மூணு மாசமாவது எங்களோட வந்து இரேன்.”

“நீ வா. பின்னறை காலியாத்தான் இருக்கு. உன்னைக் கவனிச்சுக்க மாட்டேன், தட்டை நீயேதான் கழுவணும். சம்மதம்னா எத்தனை மாசம் வேணாலும் இரு.”

அவன் சிரிக்கவில்லை. “எனக்கு இது இன்னமும் பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியுது.”

“தெரியட்டும்டா. உனக்குப் பிடிக்கணும்னு நான் கட்டல.”

அவன் இருந்த இரண்டு நாளும் அருவியை நேராகப் பார்க்கவில்லை. அவள் பார்க்கச் சொல்லவும் இல்லை. அவளுக்கு முன்னறையில் ஒரு லாரித் தார்ப்பாய் பாக்கியிருந்தது. உட்கார்ந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் ஓட்டி முடித்தாள்.

அவன் கிளம்பிய அன்று சாயங்காலம் பிளம்பருக்கு ஆள் அனுப்பினாள். அருவியின் சத்தம் அவளுக்குப் போதவில்லை. அதன் தலையில் இன்னும் ஒரு பாறையை ஏற்றி, விழும் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

“அக்கா, இந்தப் பம்பு அவ்வளவு உயரம் தள்ளாதுக்கா,” என்றார் பிளம்பர்.

“அப்ப பெரிய பம்பு கொண்டா,” என்றாள்.